டபிள்யூ126: முதல் தொடரா, இரண்டாம் தொடரா?

மெர்சிடிஸின் சொகுசு கார் வரிசையான எஸ்-கிளாஸில் எனக்கு மிகவும் பிடித்தது 1979-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் அறிமுகமான டபிள்யூ126. வடிவமைப்பாளர் புரூனோ சாக்கோவின் தலைமையில் உருவான அந்த அமைதியான உடலமைப்பு இன்றும் பழசாகத் தெரிவதில்லை. 1985-இல் இது புதுப்பிக்கப்பட்டது; அதற்கு முந்தையது முதல் தொடர், பிந்தையது இரண்டாம் தொடர். எதிரே நிற்கும் வண்டி எந்தத் தொடர் என்று கண்டுபிடிக்க, முதலில் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள்.

கதவுகளின் கீழ்ப்பாதியை மூடும் பிளாஸ்டிக் பலகையில் விரலை ஓட்டுங்கள். நீளவாக்கில் வரிவரியாகத் தட்டுப்பட்டால் முதல் தொடர்; வழவழப்பாக இருந்தால் இரண்டாவது. சக்கரமும் 14 அங்குலத்திலிருந்து 15 ஆனது. ஆனால் இவற்றை மட்டும் நம்பிவிடாதீர்கள். பழைய வண்டிக்குப் புதிய பலகையும் சக்கரமும் மாட்டியவர்கள் நிறைய.

அப்புறம் சேசிஸ் எண். ஐரோப்பிய வண்டிகளில் டபிள்யூடிபி (WDB) என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் ஆறு இலக்கங்களைப் படியுங்கள். 126022 என்றால் 280 எஸ்இ, முதல் தொடர். 126024 என்றால் அதன் இடத்துக்கு வந்த 300 எஸ்இ. 126039 என்றால் 560 எஸ்இஎல். அது இரண்டாம் தொடரில் மட்டுமே உண்டு. 500 எஸ்இ-யின் 126036 இரு தொடரிலும் வரும், அங்கே தயாரிப்பு ஆண்டையும் பார்த்தாக வேண்டும்.

மாடல் பெயரின் கடைசியில் உள்ள எல் எழுத்து தொடரைச் சொல்லாது. முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 14 செ.மீ. கூடுதல் என்பதை மட்டும் சொல்லும். அந்த நீளம் முழுக்கப் பின்சீட்டுக்காரரின் கால்களுக்குத்தான்.