உடைந்த சைக்கிள் பிரேமும் வாரண்டியும்: சாட்சியை நீங்களே கலைத்துவிடாதீர்கள்

மூன்று வாரமாக என் சைக்கிள் ‘கிரீச் கிரீச்’ என்று முனகிக்கொண்டிருந்தது. சீட்டில்தான் கோளாறு என்று நினைத்து போல்ட்டுகளைக் கழற்றி கிரீஸ் வைத்தேன். பெடலை மாற்றிப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் கண்ணில் பட்டது. சீட்டைத் தாங்கும் கம்பியான சீட் போஸ்ட் பிரேமுக்குள் இறங்கும் இடத்துக்கு இரண்டு விரல்கடை கீழே, தலைமுடி போல ஒரு கோடு. துணியால் அழுத்தித் தேய்த்தும் போகவில்லை. நகத்தை ஓட்டினால் மாட்டியது.

பிரேமுக்கு வாரண்டி பாக்கி இருந்தது. ஆனால் வாரண்டியைக் கெடுக்க என்னென்ன செய்யலாமோ, அதில் பாதியை அடுத்த அரை மணி நேரத்தில் செய்து முடித்துவிட்டேன். மீதிப் பாதியை என்னோடு சைக்கிள் ஓட்டும் நண்பர்களின் அனுபவத்தில் பார்த்தேன். வழக்குகளில் சாட்சியைக் கலைப்பது என்பார்கள். உடைந்த பிரேம்தான் இங்கே சாட்சி. கம்பெனி ஆள் வந்து பார்ப்பதற்குள் அதை நாமே கலைத்துவிடுகிறோம்.

வெல்டிங் பட்டறைக்குப் போவது

தெரு முனை மெக்கானிக்கிடம் காட்டினேன். “சார், ஒரு வெல்டு வெச்சு பெயிண்ட் தட்டிட்டா தெரியவே தெரியாது” என்றார். அவர் மேல் தப்பில்லை. எஃகு பிரேம்களை முப்பது வருஷமாக அப்படித்தான் ஒட்டவைத்துக் கொடுத்திருக்கிறார். நம் தாத்தா காலத்துக் கறுப்பு சைக்கிளுக்கு அது சரியான வைத்தியமும்கூட.

என்னுடையது அலுமினியம். பல கம்பெனிகள் பயன்படுத்தும் 6061 என்ற கலவை. தொழிற்சாலையில் வெல்டிங் முடிந்த பிறகு முழு பிரேமையும் உலையில் 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்குவார்கள். சட்டென்று குளிரவைத்து, பிறகு மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்துப் பதப்படுத்துவார்கள். பிரேம் ஸ்டிக்கரில் ‘டி6’ என்று போட்டிருப்பது இந்தப் பதத்தைத்தான். பட்டறையில் வெல்டு வைத்தால் அந்த இடத்தைச் சுற்றிப் பதம் போய்விடும். சில மாதத்தில் பக்கத்திலேயே மறுபடி விரியும். அதைவிட முக்கியம், வெல்டு வைத்த பிரேமை எந்தக் கம்பெனியும் வாரண்டியில் எடுத்துக்கொள்ளாது.

வெல்டிங் மட்டுமல்ல. விரிசல் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்கப் பெயிண்டைச் சுரண்டுவது, மேலே போகாமல் இருக்க விரிசல் நுனியில் டிரில் போடுவது, எம்-சீல் பூசுவது எல்லாமே ஒரே கணக்குதான். வாரண்டி முடிந்த எஃகு பிரேம் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். வாரண்டி இருக்கிறதென்றால் கையை வைக்காதீர்கள்.

போட்டோ எடுக்காமல் கழற்றுவது

நான் செய்த பெரிய தவறு இது. விரிசலைப் பார்த்த பதற்றத்தில் சீட் போஸ்ட்டை உருவி எடுத்து, துணியால் துடைத்து, ஓரமாக வைத்துவிட்டேன். பத்து நாள் கழித்து கம்பெனியிலிருந்து பதில் வந்தது: சீட் போஸ்ட் போதுமான ஆழம் உள்ளே இல்லாததால் ஏற்பட்ட விரிசல், ஆகவே வாரண்டி பொருந்தாது.

அவர்கள் காரணம் காற்றில் பிடித்தது அல்ல. சீட் போஸ்ட்டில் ‘இதற்கு மேல் தூக்காதே’ என்று ஒரு கோடு இருக்கும். உயரமானவர்கள் அதைத் தாண்டித் தூக்கிவைத்து ஓட்டும்போது, முழு உடல் எடையும் குழாயின் வாயில் நெம்புகோல் போட்டதுபோல் விழும். சரியாக நான் சொன்ன அதே இடத்தில்தான் விரியும். மேல் குழாய் வந்து சேரும் வெல்டிங்குக்குக் கீழே வரை சீட் போஸ்ட் இறங்கியிருக்க வேண்டும் என்பது மெக்கானிக்குகள் சொல்லும் எளிய கணக்கு. நான் அப்படித்தான் வைத்திருந்தேன். ஆனால் அதை எப்படி நிரூபிப்பது? போஸ்ட் என் வீட்டு அலமாரி மேல் இருந்தது.

காப்பாற்றியது என் சோம்பேறித்தனம். துடைத்தேனே தவிர, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவில்லை. இரண்டு வருஷம் குழாய்க்குள் உரசி உரசி விழுந்த கீறல்கள் அப்படியே இருந்தன. பக்கத்தில் ஸ்கேல் வைத்து போட்டோ எடுத்தேன். கம்பெனி கேட்ட ஆழம் 9 சென்டிமீட்டர். கீறல் 13 சென்டிமீட்டர் வரை இருந்தது. அந்த ஒரு படத்துக்குப் பிறகுதான் கதை மாறியது.

அதனால் எதையும் தொடுவதற்கு முன் போட்டோ எடுங்கள். முழு சைக்கிளும் செயின் பக்கமாகத் தெரிய ஒன்று. சீட் இருக்கும் உயரம் ஒன்று. விரிசலை ஒரு ரூபாய் நாணயம் பக்கத்தில் வைத்து நெருக்கமாக, வெயிலில், இரண்டு மூன்று கோணத்தில். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க் பக்கவாட்டில் ஒன்று. பிறகு சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பெடல் அச்சு போகும் கூட்டின் அடியில் பாருங்கள். பெரும்பாலான சைக்கிள்களில் பிரேம் நம்பர் அங்கேதான் குத்தியிருக்கும். அது தெரியாமல் எடுத்த நூறு போட்டோவும் கம்பெனிக்கு யாரோ ஒருவரின் சைக்கிள்தான்.

குழாய் முழுசாக முறிந்துவிட்டதா? இரண்டு முனையையும் சேர்த்துவைத்துப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்திருக்கும். வேண்டாம். முறிந்த முகத்தில்தான் முழுக் கதையும் எழுதியிருக்கிறது. உலோகம் மெல்ல மெல்லச் சோர்ந்து விரிந்திருந்தால், விரிசல் தொடங்கிய பகுதி மங்கிப்போய், அழுக்கேறி, சில சமயம் மணலில் அலை விட்டுப்போன வரிகள் போலக் கோடுகளோடு இருக்கும். கடைசியில் படாரென்று முறிந்த பகுதி மட்டும் பளபளப்பாக, சொரசொரப்பாக இருக்கும். ஒரே அடியில் முறிந்தது என்றால் முகம் முழுக்கப் புதுசாகத் தெரியும். முனைகளை உரசினால் இந்த வித்தியாசம் அழிந்துபோகும். பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவவும் வேண்டாம்.

இந்தச் சோர்வு இருக்கிறதே, அதில் எஃகும் அலுமினியமும் ஒன்றல்ல. எஃகுக்கு ஓர் எல்லை உண்டு, அதற்குக் குறைவான பாரத்தை எத்தனை முறை ஏற்றினாலும் அசராது. அலுமினியத்துக்கு அப்படி எல்லை கிடையாது. சின்னப் பாரமும் கோடிக்கணக்கான தடவை ஏறி இறங்கினால் ஒருநாள் விரியும். அதனால்தான் குழாயைத் தடிமனாக வைத்து ஈடுகட்டுகிறார்கள். ஐஎஸ்ஓ 4210 என்ற சைக்கிள் பாதுகாப்புத் தரநிலையில், பெடலை மாறி மாறி மிதிப்பதுபோல் 1 லட்சம் தடவை பிரேமை அழுத்திச் சோதிக்கிறார்கள். அதைத் தாண்டி வந்த பிரேம், ஒழுங்காக ஓட்டியும் இரண்டு வருஷத்தில் வெல்டிங் ஓரத்தில் விரிகிறது என்றால், தயாரிப்பில் கோளாறா என்று கேட்க நமக்கு நியாயம் இருக்கிறது.

பொய்யும், தேவையில்லாத உண்மையும்

“சும்மாதான் ஓட்டிட்டு இருந்தேன், தானா உடைஞ்சிடுச்சு.” சர்வீஸ் சென்டரில் தினமும் கேட்கும் வசனம் இது. நேருக்கு நேர் எதிலாவது மோதியிருந்தால், ஹேண்டில்பாருக்குக் கீழே குழாய்கள் சேரும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், கீழ்க் குழாயின் அடிப்பக்கம் சுருக்கம் விழுந்து பெயிண்ட் வெடித்திருக்கும். போர்க் பின்பக்கமாக வளைந்திருக்கும். பார்த்துப் பழகியவர்களுக்கு இரண்டு நிமிஷ வேலை. பொய் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் மற்ற பேச்சும் எடுபடாது. விபத்தில் உடைந்த பிரேமுக்குத் தள்ளுபடியில் புது பிரேம் தரும் ஏற்பாடு சில கம்பெனிகளிடம் உண்டு. உண்மையைச் சொன்னால் அதையாவது கேட்டு வாங்கலாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதில்தான் நல்லவர்கள் மாட்டுகிறார்கள். “ஒருவேளை அன்னிக்கு ஒரு பள்ளத்துல இறக்கினேன், அதனால இருக்குமோ?” என்று நாமே ஊகித்து எழுதிக் கொடுப்பது. நம் ஊர் ரோட்டில் பள்ளத்தில் இறங்காத சைக்கிள் எது? ஆனால் அந்த ஊகம் படிவத்தில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். எப்போது வாங்கினீர்கள், எப்போது சத்தம் கேட்டது, எப்போது விரிசலைப் பார்த்தீர்கள், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று நடந்ததை மட்டும் எழுதுங்கள். விழுந்திருந்தால் விழுந்தேன் என்று எழுதுங்கள். காரணம் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை.

‘வாழ்நாள் வாரண்டி’: யாருடைய வாழ்நாள்?

டிரெக், ஜயன்ட் போன்ற கம்பெனிகள் பிரேமுக்கு வாழ்நாள் வாரண்டி என்கின்றன. அது முதலில் வாங்கியவருக்குத்தான். ஓஎல்எக்ஸில் பாதி விலைக்கு வாங்கியவர் கேட்டால் பொதுவாகக் கிடைக்காது. மலைச்சரிவில் பாய்ந்து இறங்குவதற்கென்றே செய்த மாடல்களுக்குக் காலமும் குறையலாம். சாதாரண சைக்கிள்களுக்கு இத்தனை வருஷம் என்று கார்டில் போட்டிருக்கும். பிரேமுக்கு ஒரு காலம், பெயிண்டுக்கு ஒரு காலம், மற்ற பாகங்களுக்கு ஒரு காலம் என்று தனித்தனியாக இருக்கும். பெரிய எழுத்தைப் படித்துவிட்டுப் போய்ச் சண்டை போடக்கூடாது.

பந்தயம், வாடகைக்கு விடுவது, தூக்கித் தாவுவது, எடை வரம்பைத் தாண்டுவது எல்லாம் விலக்குப் பட்டியலில் வழக்கமாக இருக்கும். ஆன்லைனில் வாங்கியவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பெட்டியில் பாதி பூட்டி வரும் சைக்கிளைத் தேர்ந்த மெக்கானிக்கைக் கொண்டுதான் பூட்ட வேண்டும் என்று நிபந்தனை இருக்கலாம். பூட்டிக் கொடுத்தவரிடம் ஒரு ரசீது வாங்கி வையுங்கள், அது ஐம்பது ரூபாய் கூலியாக இருந்தாலும்.

உணவு டெலிவரிக்கு ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘வணிகப் பயன்பாடு’ என்று சொல்லி வாரண்டி கார்டு உங்களை விலக்கலாம். ஆனால் தன் பிழைப்புக்காகத் தானே உழைத்துப் பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கம் என்று நுகர்வோர் சட்டம் பார்ப்பதில்லை. நீங்களும் நுகர்வோர்தான்.

பில்

‘எஸ்டிமேட்’ என்று தலைப்புப் போட்ட துண்டுச் சீட்டு பில் ஆகாது. ஜிஎஸ்டி நம்பரோடு, முடிந்தால் பிரேம் நம்பரும் எழுதிய பில் வாங்குங்கள். மெஷினில் அடித்துத் தரும் வழவழப்பான தாள் ஒரே வருஷத்தில் வெள்ளையாகிவிடும், வாங்கிய அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள். கார்டில் கடை முத்திரையும் தேதியும் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

எல்லாவற்றையும் வாயால் பேசுவது

சைக்கிளைக் கடையில் விட்டுவிட்டு, “கம்பெனிக்குச் சொல்லிட்டோம் சார், அடுத்த வாரம் வாங்க” என்ற பதிலோடு திரும்பி வருவோம். அடுத்த வாரம் அடுத்த மாதமாகும். நண்பர் ஒருவருக்கு ஏழு மாதம் இப்படிப் போயிற்று. கடைசியில் விசாரித்தால் கிளைமே பதிவாகவில்லை. கடையில் விடும்போது பிரேம் நம்பரும் என்ன கோளாறு என்பதும் எழுதிய ஜாப் கார்டு வாங்குங்கள். கிளைம் நம்பர் கேளுங்கள். அன்று இரவே கம்பெனிக்கு நீங்களும் ஒரு மெயில் போடுங்கள். வாரண்டி தரலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது பெரும்பாலும் கம்பெனிதான், கடைக்காரரிடம் கத்திப் பயனில்லை. அவர் நம் பக்கம் இருந்தால் நல்ல போட்டோவும் நல்ல வார்த்தையும் போகும்.

விரிசலைப் பார்த்த பிறகும் ‘ஆபீஸ் வரைக்கும்தானே’ என்று ஓட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். ஹேண்டில்பார் பக்கத்து விரிசல் என்றால் பல்லும் தாடையும் போகும். கிளைம் அதற்கப்புறம்.

முடியாது என்று சொல்லிவிட்டால்

மறுப்பை எழுத்தில் கேளுங்கள், காரணத்தோடு. பிரேமையும் திருப்பிக் கேளுங்கள். மறுத்த கையோடு ‘நாங்களே அப்புறப்படுத்திவிடுகிறோம்’ என்றால் சம்மதிக்காதீர்கள்.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலேயே முடிந்துவிடும் விவகாரங்கள் உண்டு. முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். சைக்கிள் வாங்கிய கடை வேறு மாவட்டத்தில் இருந்தாலும், கம்பெனி லூதியானாவில் இருந்தாலும் சரி. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. கடை, கம்பெனி இரண்டையும் எதிர்த்தரப்பாகச் சேர்ப்பது நல்லது. இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார்.

சோதனை இல்லாமல் கோளாறைக் கண்டுபிடிக்க முடியாத பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அறிக்கை 45 நாளில் வர வேண்டும் என்கிறது சட்டம். அதற்கான பணத்தை நாம் கட்ட வேண்டியிருக்கும். பிரேம் இல்லாமல் எதைச் சோதிப்பார்கள்? அப்புறம் இன்னொன்று, புகாருக்கு 2 வருஷக் கெடு இருக்கிறது. ‘அடுத்த வாரம் வாங்க’வை நம்பி அதைக் கரைத்துவிடாதீர்கள்.

கிடைத்த பிறகும்

வாரண்டி என்றால் பழைய சைக்கிளே புதுசாக வந்து நிற்கும் என்று நினைத்திருந்தேன். வந்தது பிரேம் மட்டும். என் மாடல் நின்றுபோய்விட்டதால் வேறு நிறம், கொஞ்சம் வேறு வடிவம். சீட் குழாயின் விட்டம் மாறியிருந்ததால் பழைய சீட் போஸ்ட்டும் கியர் மாற்றும் கிளாம்பும் பொருந்தவில்லை. பாகங்களை மாற்றிப் பூட்டும் கூலி, கேபிள்கள், புது சீட் போஸ்ட் எல்லாம் சேர்த்து 2,800 ரூபாய் என் கையிலிருந்து போனது. மாற்று பிரேமை ஏற்கிறேன் என்று கையெழுத்துப் போடும் முன்பு, சக்கர அளவு, அச்சு, சீட் குழாய் அளவு, கூலி யார் பொறுப்பு, புது பிரேமின் வாரண்டி இன்று தொடங்குகிறதா அல்லது பழையதன் மீதிக் காலம்தானா என்று கேட்டிருக்க வேண்டும். நான் நிறம் என்ன என்று மட்டும் கேட்டேன்.