கார் ஆலையில் 4 வார இன்டர்ன்ஷிப்: ஒரு ஸ்டேஷனை எடுத்து உருப்படியாகப் படிக்கும் வழி

மே மாதம் பிறந்தால் இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், மகேந்திரா சிட்டி போகும் கம்பெனி பஸ்களில் புது சேஃப்டி ஷூ போட்ட மாணவர்கள் ஏறுவார்கள். 4 வாரம் கழித்துக் கல்லூரியில் கொடுக்கும் ரிப்போர்ட்டுகள் பெரும்பாலும் ஒரே அச்சு: கம்பெனி வரலாறு 6 பக்கம், பிரஸ் ஷாப், பாடி ஷாப், பெயின்ட் ஷாப், அசெம்ப்ளி தலைக்கு 2 பக்கம், கடைசியில் நன்றி. வைவாவில் "நீ என்னப்பா செஞ்சே?" என்று கேட்டால் முழி பிதுங்கும். 4 வாரத்தில் முழு ஆலையும் யாருக்கும் பிடிபடாது. ஒரு ஸ்டேஷன், அதாவது லைனில் ஒரு குறிப்பிட்ட வேலை நடக்கும் இடம், பிடிபடும். அதற்கான வழி இது.

சேருவதற்கு முன்

மே, ஜூனில் போக வேண்டுமென்றால் ஜனவரி, பிப்ரவரியிலேயே எச்.ஆருக்கு எழுதுங்கள். கல்லூரியின் போனஃபைடு கடிதம் கட்டாயம். விபத்துக் காப்பீட்டுச் சான்றும் பல இடங்களில் கேட்பார்கள். இன்னொன்றையும் மறக்காமல் கேளுங்கள்: உங்கள் தேதிகளில் ஆண்டுப் பராமரிப்புக்காக லைனை நிறுத்துகிறார்களா? நிறுத்தினால் அந்த வாரம் அளக்க ஒன்றும் இருக்காது. கன்வேயர், ரோபோ பராமரிப்பு பார்க்க அதைவிட நல்ல வாரம் கிடைக்காது என்பது வேறு விஷயம். ஆனால் தலைப்பை அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

ஷூ நீங்களே வாங்குவதானால் ஐ.எஸ். 15298 முத்திரை பார்த்து வாங்கி, வீட்டிலேயே ஒரு வாரம் போட்டுப் பழகுங்கள். புது ஷூவோடு முதல் நாள் 8 மணி நேரம் நின்றால் இரண்டாம் நாள் குதிகால் தோல் உரிந்திருக்கும். மோதிரம், கைக்கடிகாரம், உலோக பெல்ட் கொக்கி, சட்டைப்பை பேனா எதுவும் வேண்டாம். வண்டிமேல் சாய்ந்தால் பெயின்ட்டில் கீறல் விழும். சுழலும் கருவியில் மோதிரம் சிக்கினால் விரல் போகும். பெயின்ட் ஷாப் போகும் நாளில் ஹேர் ஜெல், பாடி ஸ்பிரே, கை கிரீம் கூடாது. அவற்றிலுள்ள சிலிகான் துளியளவு பட்டாலும் அந்த இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் விலகி, மீன்கண் போலக் குழி விழும்.

செல்போன் கேமராவில் கேட்டிலேயே ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அதைப் பிரித்தால் இன்டர்ன்ஷிப் அன்றோடு முடியும்.

முதல் 3 நாள்: லைனைக் கடைசியிலிருந்து பாருங்கள்

எல்லோரும் பிரஸ் ஷாப்பிலிருந்து தொடங்குவார்கள். நீங்கள் லைன் முடிவிலிருந்து தொடங்குங்கள். வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் கோணம், ரோலரில் பிரேக் சோதனை, தண்ணீர் கசிகிறதா என்று பார்க்கும் ஷவர் டெஸ்ட் என்று வண்டி வரிசையாகப் போகும். தேறாதது ரிப்பேர் பேயில் நிற்கும். "இது எதனால நிக்குது, எந்த ஸ்டேஷன் வேலை?" என்று அங்கே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 3 நாளில் ஒரே ஸ்டேஷன் பெயர் திரும்பத் திரும்பக் காதில் விழும். உங்கள் தலைப்பு பெரும்பாலும் அதுதான்.

நடப்பது பாதசாரிக் கோட்டுக்குள் மட்டும். ஃபோர்க்லிஃப்டும் ஆளில்லா வண்டியும் ஓடும் குறுக்குச் சந்தில் நின்று, இருபக்கமும் கை நீட்டிப் பார்த்துவிட்டுக் கடக்க வேண்டும். முதல் நாள் கூச்சமாக இருக்கும், பழகிவிடும்.

டேக்ட் டைம் கணக்கு

ஷிஃப்ட் 480 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். சாப்பாடு 30, டீ இரண்டு தடவை பத்துப் பத்து போக மீதி 430 நிமிடம், அதாவது 25,800 விநாடி. அந்த ஷிஃப்டில் 400 வண்டி வேண்டுமென்றால் 25,800 வகுத்தல் 400, ஆக 64.5 விநாடி. இது டேக்ட் டைம். ஒவ்வொரு ஸ்டேஷனும் 64.5 விநாடிக்கு ஒரு வண்டியை விட்டாக வேண்டும். ஓர் ஆள் தன் வேலையை முடிக்க உண்மையில் எடுக்கும் நேரம் சைக்கிள் டைம். இரண்டையும் குழப்பினால் வைவாவில் முதல் கேள்வியிலேயே அவுட்.

அடுத்தடுத்த 5 ஸ்டேஷனில் சைக்கிள் டைம் 58, 63, 49, 66, 52 என்று வந்தால் கூட்டுத்தொகை 288. ஐந்து டேக்ட் 322.5. 288-ஐ 322.5-ஆல் வகுத்தால் லைன் பேலன்ஸ் 89.3 சதவீதம். பார்க்க நல்ல எண். ஆனால் நாலாவது ஸ்டேஷன் ஒவ்வொரு வண்டிக்கும் 1.5 விநாடி தாண்டுகிறது. ஸ்டேஷன் நீளம் 6 மீட்டர் என்றால் கன்வேயர் விநாடிக்கு 9.3 சென்டிமீட்டர் நகரும். வண்டிக்கு 14 சென்டிமீட்டர் வீதம் அந்த ஆள் பக்கத்து ஸ்டேஷனுக்குள் தள்ளப்படுவார். 43 வண்டியில் ஒரு முழு ஸ்டேஷன். அதுவரை எவரும் விடமாட்டார்கள்: உதவி கேட்டு மணியும் விளக்கும் எழுப்பும் ஆண்டான் கயிற்றை இழுப்பார், அல்லது மாற்று ஆளான ரிலீவர் வந்து கை கொடுப்பார், அல்லது ஏதோ ஒரு படியைச் சுருக்குவார். மூன்றாவதுதான் ரிப்பேர் பேயில் வந்து நிற்கும். சராசரியை மட்டும் ரிப்போர்ட்டில் போடுபவர்களுக்கு இது கண்ணில் படாது.

ஸ்டாப்வாட்ச்சை அழுத்தும் முன்

முதலில் டீம் லீடரிடம் சொல்லி, அவர் மூலமாக ஆபரேட்டரிடம் சொல்லுங்கள். முன்பின் தெரியாத பையன் அட்டையும் வாட்ச்சுமாகப் பின்னால் நின்றால், ஆளைக் குறைக்க வந்திருக்கிறான் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஒருவர் வேண்டுமென்றே நிதானிப்பார், இன்னொருவர் வழக்கத்துக்கு மேல் வேகம் காட்டுவார். இரண்டுமே பொய் எண். முதல் அரை நாள் வாட்ச் இல்லாமல் நின்று, "அண்ணா, எந்த மாடல் வந்தா கை ஓடாது?" என்று கேளுங்கள். அந்தப் பதில் எந்த ஃபார்மையும்விட மேல்.

பிறகு வேலையைக் கூறுகளாகப் பிரியுங்கள்: ரேக்குக்கு நடப்பது, பாகத்தை எடுப்பது, பொருத்துவது, போல்ட்டைக் கையால் 2 சுற்று ஏற்றுவது, நட்ரன்னர் என்னும் முறுக்குக் கருவியால் முறுக்குவது, மார்க் போடுவது, திரும்புவது. ஒவ்வொரு கூறும் எங்கே முடிகிறது என்று கண்ணுக்கோ காதுக்கோ தெரியும் புள்ளியை நிர்ணயியுங்கள். 'நட்ரன்னரில் பச்சை விளக்கு எரிந்ததும்' நல்ல புள்ளி. 'முறுக்கி முடித்ததும்' மோசமான புள்ளி. இன்றைக்கு ஒரு இடத்தில் அழுத்துவீர்கள், நாளைக்கு வேறு இடத்தில்.

எத்தனை தடவை அளப்பது? முதலில் 10. அவற்றின் திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்து, 40-ஆல் பெருக்கி, வர்க்கப்படுத்துங்கள். சராசரி 60, திட்ட விலக்கம் 6 என்றால் 0.1 பெருக்கல் 40, அதாவது 4, வர்க்கம் 16. ஆக 16 அளவு போதும். விலக்கம் 12 என்றால் 64 வேண்டும். இது 95 சதவீத நம்பிக்கையில் 5 சதவீதப் பிழைக்கான கணக்கு. விலக்கம் அவ்வளவு பெரிதாக வந்தால் அளப்பதை நிறுத்திவிட்டுக் காரணம் தேடுவது மேல். இரண்டு மாடலை ஒன்றாகக் கலந்திருப்பீர்கள், இல்லையென்றால் ஆபரேட்டர் மாறியிருப்பார்.

இரண்டு ஷிஃப்டிலும், டீக்கு முன்னும் பின்னும் அளங்கள். போல்ட் கீழே விழுந்தது, ரேக்கில் பாகம் தீர்ந்தது போன்றவற்றை அழிக்காமல் தனிப் பத்தியில் எழுதுங்கள். பிரச்சினையின் நுனி பல நேரம் அந்தப் பத்தியில்தான் கிடைக்கும்.

மாடல் கலவை

ஒரே லைனில் சன்ரூஃப் வண்டியும் சாதா வண்டியும் வரும். ஒரு ஸ்டேஷனில் சன்ரூஃப் வண்டிக்கு 81 விநாடி, சாதாவுக்கு 60, ஐந்தில் ஒன்று சன்ரூஃப் என்றால் சராசரி 64.2. டேக்ட்டுக்குள் அடங்கிவிட்டது. ஆனால் ஒரு சன்ரூஃப் வண்டி டேக்ட்டை 16.5 விநாடி தாண்டுகிறது, இரண்டு அடுத்தடுத்து வந்தால் 33 விநாடி கடன் ஏறும். ஒரு சாதா வண்டி அடைப்பது 4.5 விநாடிதான், ஆக மீள 8 சாதா வண்டி ஆகும். ஒரு சன்ரூஃப்புக்குப் பின் 4 சாதா வந்தால் 16.5 கடனுக்கு 18 கிடைக்கிறது, சரியாகிவிடும். பெயின்ட் ஷாப்பில் சில பாடிகள் மறுவேலைக்குப் போனால் இந்த வரிசை கலையும். அன்றைக்கு ஆண்டான் ஏன் அடிக்கடி அடித்தது என்பதற்கு வண்டி வரிசைப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். இன்டர்ன்கள் தொடாத இடம் இது. மென்பொருளும் பெரிய செலவும் இல்லாமல் செய்யலாம்.

திருத்தம் எங்கே தேடுவது

முதலில் காலடிகளை எண்ணுங்கள். உடல் அசைவுகளுக்கு நேரம் கணக்கிட பல கார் ஆலைகளில் புழங்கும் மோடாப்ட்ஸ் முறையில் அலகு மோட்; ஒரு மோட் 0.129 விநாடி, ஓர் அடி நடை 5 மோட், அதாவது 0.645 விநாடி. ரேக்கை நகர்த்தி 4 அடி குறைத்தால் 2.6 விநாடி மிச்சம். அந்த 66 விநாடி ஸ்டேஷன் 63.4 ஆகிறது, டேக்ட்டுக்குள் வந்துவிடும். ஆட்டோமேஷன், ரோபோ என்று 20 லட்சத்துக்குத் திட்டம் எழுதும் இன்டர்ன்களைவிட இந்த 4 அடியை எழுதுபவரைத்தான் குரூப் லீடர் உட்கார வைத்துப் பேசுவார்.

ஆனால் ரேக்கை நீங்களே நகர்த்தாதீர்கள். பாகம் கொண்டுவரும் வண்டியின் வழி அடைபடலாம், குனியும் கோணம் கூடலாம், தரக்கட்டுப்பாட்டுப் படி ஒன்று விட்டுப்போகலாம். குரூப் லீடர், பாதுகாப்பு, தரம் மூன்று தரப்பும் ஒப்புக்கொண்ட பிறகு 20 வண்டிக்குச் சோதனை, பிறகு மறுபடி அளவு, பிறகே வேலைத்தாள் திருத்தம். இதற்கே 4 வாரத்தில் ஒன்றரை வாரம் போய்விடும். ஆகவே இரண்டாம் வார இறுதிக்குள் அளந்து முடியுங்கள்.

முறுக்கு வேலை உள்ள ஸ்டேஷன் என்றால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். நட்ரன்னர் முறுக்குவிசையோடு சுழற்சிக் கோணத்தையும் பார்க்கும். கோணம் குறைவாக இருக்கும்போதே விசை எட்டிவிட்டால் போல்ட் கோணலாக மரையேறியிருக்கிறது. கோணம் தாண்டியும் விசை ஏறவில்லை என்றால் மரை கழன்றிருக்கிறது. முதலாவது ஒரு ஸ்டேஷனில் அடிக்கடி வந்தால், கையால் 2 சுற்று ஏற்றும் படியை யாரோ தவிர்க்கிறார்கள். ஏன் தவிர்க்கிறார்கள்? மேலே போய் அந்த 1.5 விநாடியைப் பாருங்கள்.

ரிப்போர்ட்

கம்பெனி வரலாறு அரைப் பக்கம் போதும். ஸ்டேஷனின் கையால் வரைந்த படம், நடை வரைபடம், முன்னும் பின்னும் அளந்த எண்கள், சோதனையில் சரிவராதது எது என்பது அவசியம். ஆலையின் உண்மையான உற்பத்தி எண், சப்ளையர் பெயர், பாக எண் எதையும் போடாதீர்கள். பழைய நிலையை 100 என்று வைத்துப் புதியதை அதற்கு ஒப்பிட்டு எழுதலாம். கல்லூரியில் கொடுக்கும் முன் வழிகாட்டி இன்ஜினியரிடம் காட்டி அனுமதி வாங்க வேண்டும். கடைசி நாள் மாலை கொண்டுபோய் நீட்டினால் கையெழுத்து கிடைக்காது. 4 நாள் முன்னதாகக் கொடுங்கள். சான்றிதழில் பெயரும் தேதிகளும் சரியா என்று கேட்டை விட்டு வெளியே வரும் முன்னரே பாருங்கள். பிறகு திருத்த எச்.ஆருக்கு மெயில் மேல் மெயில் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.