கிராங்க் புல்லி போல்ட் அசையவே இல்லையா? இப்படிக் கழற்றுங்கள்

டைமிங் பெல்ட்டையோ முன்பக்க ஆயில் சீலையோ மாற்ற இறங்கினால் மற்றதெல்லாம் சமர்த்தாகக் கழன்று வந்துவிடும், கடைசியில் கிராங்க்ஷாஃப்ட் (எஞ்சினின் முக்கியச் சுழல் தண்டு) முனையில் புல்லியைப் பிடித்திருக்கும் அந்த ஒற்றை போல்ட் மட்டும் மசியாது. நமக்குப் பலம் போதவில்லை என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். பலம் இருக்கிறது, அது போல்ட்டுக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். எஞ்சின் சுற்றிக்கொள்கிறது, சாக்கெட்டைக் கைப்பிடியோடு இணைக்கும் எக்ஸ்டென்ஷன் கம்பி முறுக்கிக்கொள்கிறது, சாக்கெட் சாய்ந்து நழுவுகிறது. இந்த மூன்றையும் அடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பல ஹோண்டா எஞ்சின்களில் இந்த போல்ட்டின் இறுக்கம் 245 நியூட்டன் மீட்டர். 1 மீட்டர் நீளக் கம்பியின் முனையில் ஏறக்குறைய 25 கிலோ பாரம் வைத்தால் அந்த அளவு முறுக்கு விசை (டார்க்) வந்துவிடும். 40 செ.மீ. ராட்செட்டில் அதே விசை வேண்டுமென்றால் 62 கிலோ. வருடக்கணக்காகச் சூடாகி ஆறி ஊறிப்போன போல்ட் இதைவிட அதிகமாகவே கேட்கும். அதனால் ராட்செட்டை எடுத்து ஓரமாக வையுங்கள், அதன் பல் உடைந்து கைதான் காயப்படும். அரை இன்ச் பிரேக்கர் பார் (ராட்செட் பல் இல்லாத நீளக் கைப்பிடிக் கம்பி), அதன் மேல் மாட்ட ஒரு கனமான இரும்புக் குழாய், சரியான அளவில் ஆறு முனை இம்பேக்ட் சாக்கெட், இவை வேண்டும். பன்னிரண்டு முனை சாக்கெட் போல்ட் தலையின் மூலைகளை வழித்துவிடும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஜாக் ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். வெறும் ஜாக்கை நம்பி இந்த வேலையில் இறங்கவே கூடாது, ஏனென்றால் நீங்கள் அழுத்தும் விசையில் வண்டியே ஆடும். எஞ்சின் குறுக்கே வைத்த வண்டி என்றால் புல்லி இருக்கும் பக்கத்துச் சக்கரத்தையும் உள்பக்கப் பிளாஸ்டிக் மறைப்பையும் எடுத்தால் போல்ட் நேராகத் தெரியும். புல்லியின் மேல் ஓடும் பெல்ட்டையும் கழற்றிவிடுங்கள்.

அப்புறம் எஞ்சினைச் சுற்றவிடாமல் பிடிக்க வேண்டும். ஆரம்பத்தில் இருப்பவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். மேனுவல் கியர் வண்டி என்றால் டாப் கியரில் போட்டு, ஒருவரை உள்ளே உட்கார வைத்து கால் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் ஹேண்ட்பிரேக் பெரும்பாலும் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும், அதனால் இதற்கு அது உதவாது. சக்கரத்தை எடுத்த பக்கத்தில் பிரேக் டிஸ்க்கைச் சக்கர நட்டுகளால் இறுக்கி வையுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் கியரும் பிரேக்கும் பலிக்காது, எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவில் எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறதே. அதற்குப் புல்லியையே பிடிக்கும் கருவி வேண்டும். பல ஹோண்டா புல்லிகளின் நடுவில் 50 மி.மீ. அறுகோணக் குழி இருக்கும், அதில் பொருந்தும் ஹோல்டர் தனியாகவே கிடைக்கிறது. வேறு சில புல்லிகளில் துளைகள் இருக்கும், அவற்றில் போல்ட் போட்டு ஒரு பட்டையான இரும்பைப் பூட்டிக்கொள்ளலாம். ஃபிளைவீல் பல்லில் ஸ்க்ரூடிரைவரைச் செருகுவது, டைமிங் பெல்ட்டை நம்பிப் பிடிப்பது, டைமிங் பின்னை முட்டுக் கொடுப்பது, மூன்றும் வேண்டாம். டைமிங் பின் நிலையை அடையாளம் காட்டத்தான், விசையைத் தாங்க அல்ல.

ஆனால் போல்ட்டில் கை வைக்கும் முன்னால் உங்கள் எஞ்சினின் சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். ஃபோர்ட், மஸ்டாவின் சில எஞ்சின்களில் கிராங்க் கியரைத் தண்டோடு பூட்டும் கீ (சின்ன இரும்பு ஆப்பு) கிடையாது, அந்த போல்ட்டின் இறுக்கம்தான் டைமிங்கையே, அதாவது வால்வுகளும் பிஸ்டன்களும் ஒத்து இயங்கும் கணக்கையே, பிடித்து வைத்திருக்கிறது. தெரியாமல் தளர்த்தினால் டைமிங் போய்விடும்.

சரி, இப்போது போல்ட். சாக்கெட்டைக் கடைசி வரை உட்கார வையுங்கள். எக்ஸ்டென்ஷன் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. அதன் வெளி முனைக்கு அடியில் இன்னொரு ஜாக் ஸ்டாண்டை முட்டுக் கொடுங்கள், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். முட்டு இல்லாவிட்டால் நீங்கள் அழுத்தும்போது கம்பி கீழே வளைந்து சாக்கெட் சாயும், முட்டு இருந்தால் விசை முழுக்கச் சுழலுக்கே போகும். போல்ட்டை நேருக்கு நேர் பார்த்தபடி கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், வெட்டி இழுக்காமல், உடம்பு எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். டப் என்று துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம் வரும். எதுவும் உடையவில்லை, போல்ட் விட்டுவிட்டது என்று அர்த்தம்.

அப்படியும் வரவில்லையா? நல்ல டார்க் உள்ள இம்பேக்ட் கன் (தட்டித் தட்டிச் சுற்றும் பவர் கருவி) இருந்தால் அடித்துப் பாருங்கள், அதன் வேகமான தட்டலுக்குப் பல போல்ட்டுகள் மசிந்துவிடும். அதனுடன் நீளமான மெல்லிய எக்ஸ்டென்ஷன் போட்டால் தட்டலை அதுவே விழுங்கிவிடும். துரு நீக்கும் ஆயிலை அடித்து ஊற விடலாம், ஆனால் மரை உள்ளே மறைந்திருப்பதால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். தீ வைத்துச் சூடாக்குவது எனக்குப் பிடிக்காது, பின்னாலேயே ஆயில் சீலும் புல்லிக்குள் ரப்பரும் இருக்கின்றன.

போல்ட்டில் மாட்டிய பிரேக்கர் பாரைத் தரையில் முட்டவைத்து ஸ்டார்ட்டரைத் தட்டும் தந்திரம் ஒன்று உண்டு. வேலை செய்யும்தான், ஆனால் கம்பி நழுவினால் யார் மேல் பாயும் என்று சொல்ல முடியாது. ஹோண்டாவின் பழைய பி, டி வரிசை எஞ்சின்கள் எதிர்த்திசையில் சுற்றுபவை, அவற்றில் இது போல்ட்டை இன்னும் இறுக்கத்தான் செய்யும். முதல் தடவை செய்கிறவர் இதன் பக்கமே போக வேண்டாம்.

போல்ட் வந்தபின் புல்லி ஒட்டிக்கொண்டிருந்தால் வெளி விளிம்பில் கொக்கி மாட்டி இழுக்காதீர்கள், நடுவில் உள்ள ரப்பர் பிய்ந்துவிடும். நடுப்பகுதியில் போல்ட் போட்டு இழுக்கும் புல்லர்தான் சரி.

திரும்ப மாட்டும்போது மரையைச் சுத்தம் செய்யுங்கள். எங்கே ஆயில் தடவ வேண்டும், புது போல்ட் வேண்டுமா என்பதை மேனுவல் சொல்லும். சில போல்ட்டுகள் ஒரே தடவை இறுக்குவதற்கானவை. டார்க் ரெஞ்ச்சால் இறுக்கி, அதற்கு மேல் இத்தனை டிகிரி திருப்பு என்று மேனுவல் கோணம் சொல்லியிருந்தால் அதையும் கொடுத்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டு வந்து, பிடிமானக் கருவியை எடுத்த பிறகு எஞ்சினை அது ஓடும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். எங்கும் இடிக்காமல் சுற்றினால் மட்டும் பேட்டரியை மாட்டுங்கள்.