‘விஷத்தை முறிக்கும் பச்சிலை’ என்று செய்தி வந்தால் எப்படிப் படிப்பது

எங்கள் பக்கம் ராத்திரியில் பாம்பு என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். “பூச்சி தொட்டுருச்சு” என்பார்கள். சாயல்குடிக்குத் தெற்கே, கடலுக்கும் பனங்காட்டுக்கும் நடுவில் எங்கள் ஊர். அந்தச் சொல்லோடு வாசலில் வந்து நின்றவர்களுக்கெல்லாம் என் அய்யா, அதாவது அப்பாவைப் பெற்றவர், பச்சிலை அரைத்துக் கொடுத்தார். ஒரு பைசா வாங்கியதில்லை. நான் விலங்கியல் படித்து, கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது யாராவது ஒருவர் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்: “அத்தை, இந்த மூலிகை நாகப்பாம்பு விஷத்தை முறிக்குதாமே, நிஜமா?” அந்தச் செய்திகளை நான் எப்படிப் படிக்கிறேன் என்பதை இங்கே எழுதுகிறேன்.

கடிபட்டவர் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படிப்பவர் இத்தோடு நிறுத்திவிடுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் கிடைத்த வண்டியில் அரசு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். கடிபட்ட கை கால் அசையாமல் இருக்கட்டும். மோதிரம், கொலுசு, மெட்டியைக் கழற்றிவிடுங்கள், வீங்கியபின் கழற்ற முடியாது. இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாய் வைத்து உறிஞ்சக் கூடாது. கடித்த நேரத்தை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பாம்பைத் தேடிப் போய் அடிக்க வேண்டாம்.

மற்றவர்கள் மேலே படிக்கலாம்.

செய்தியில் நான் முதலில் தேடுவது எந்தப் பாம்பு என்பதை. பாம்பு விஷம் என்று ஒரே சரக்கு கிடையாது. கருவேலங்காட்டில் விறகு வெட்டும்போதும் பனையடியில் ஓலை பொறுக்கும்போதும் தீண்டுகிற சுருட்டை விரியனின் விஷம் ரத்தத்தை உறையவிடாமல் செய்யும். கண்ணாடி விரியன் அதோடு சிறுநீரகத்தையும் கெடுக்கும். நாகமும் கட்டுவிரியனும் நரம்பைப் பிடிப்பவை. பாயில் படுத்திருப்பவரைக் கட்டுவிரியன் கடித்தால் வலியே தெரியாமல் போகலாம். விடியும்போது வயிறு வலிக்கும், இமை தூக்க முடியாது. இந்த நான்குக்கும் சேர்த்துத்தான் நம் நாட்டு விஷமுறிவு ஊசி தயாராகிறது. அதற்கான விஷத்தைச் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர் எடுத்துத் தருகிறார்கள். கடல் பாம்புக்கு இந்த ஊசி ஆகாது. வலையில் ஏறி வருகிற வலைகடியனின் விஷம் தசையையே சிதைக்கும், சிறுநீர் கறுத்துப் போகும். அதற்கு மருத்துவமனையில் மூச்சையும் சிறுநீரகத்தையும் தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம். இவ்வளவு விதம் விதமான விஷத்துக்கும் ஒரே இலை போதும் என்று ஒரு செய்தி சொன்னால் நான் அங்கேயே மூடி வைத்துவிடுவேன்.

அடுத்த கேள்விதான் எல்லாவற்றிலும் பெரியது: சாற்றையும் விஷத்தையும் எப்போது சேர்த்தார்கள்?

மூலிகை ஆராய்ச்சி பொய் இல்லை. கரிசலாங்கண்ணியில் இருக்கும் வெடலோலாக்டோன் என்ற பொருள் தென் அமெரிக்கக் கிலுகிலுப்பைப் பாம்பின் விஷத்தைத் தடுப்பதாக 1989-இல் பிரேசில் ஆய்வாளர்கள் எழுதினார்கள். நன்னாரி வேரைக் கொல்கத்தாவில் ஆராய்ந்தார்கள். புளியங்கொட்டைச் சாறு கண்ணாடி விரியன் விஷத்தின் நொதிகளை அடக்குவதை மைசூரில் பார்த்தார்கள். ஆனால் இப்படிப்பட்ட ஆய்வுகள் பெரும்பாலானவற்றில் செய்முறைப் பகுதியைப் புரட்டினால் ஒரு வரி இருக்கும்: விஷத்தையும் சாற்றையும் ஒரே குழாயில் ஊற்றி, உடல் சூட்டில் அரை மணி நேரம் வைத்திருந்து, அதன் பிறகு எலிக்குச் செலுத்தினோம் என்று. காட்டில் எந்தப் பாம்பும் தன் விஷத்தை அரை மணி நேரம் நம் சாற்றில் ஊறவைத்துவிட்டுக் கடிப்பதில்லை.

குழாயில் நடப்பதை நான் மாணவிகளுக்கு ஆவாரம்பட்டையைக் காட்டி விளக்குவேன். பச்சைத் தோலைப் பதப்படுத்த அந்தப் பட்டையைத்தானே போட்டார்கள்? அதிலுள்ள துவர்ப்பு தோலின் புரதத்தைப் பற்றி இறுக்கிவிடும். பாம்பு விஷமும் பெரும்பாலும் புரதம்தான். துவர்ப்புள்ள எந்தச் சாறானாலும் குழாயில் அதைக் கட்டிப் போடும். அதே துவர்ப்பைக் குடித்தால் வயிற்றில் இருக்கிற சோற்றுப் புரதத்தையும் பற்றும், குடல் சுவரிலும் ஒட்டும். ரத்தத்துக்குள் ஓடிப் போய்விட்ட விஷத்தைத் தேடிப் பிடிக்க அதனால் முடியுமா? எனவே ‘விஷம் கொடுத்து இத்தனை நிமிடம் கழித்து மருந்து கொடுத்தோம், பிழைத்தது’ என்ற வாசகம் செய்தியில் இருக்கிறதா என்று பாருங்கள். வாய்வழி கொடுத்தார்களா, ஊசியாகவா என்றும் பாருங்கள். பூனைக்காலி விதையைப் பற்றிய ஆய்வில் எலிகளுக்கு மூன்று வாரம் முன்னதாகவே சாற்றைச் செலுத்தியிருந்தார்கள். கடிபட்டபின் கொடுத்ததாக அதைப் படித்துவிடக் கூடாது.

மூன்றாவதாக அந்தச் செடி உடம்பை என்ன செய்யும் என்று பாருங்கள். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது, ஏனென்றால் அய்யாவின் முதல் இலை ஆடுதின்னாப்பாளை. ஈஸ்வரமூலியும் அதன் இனம். இரண்டிலும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது. அது விஷத்தில் உள்ள பாஸ்போலிபேஸ் ஏ2 என்ற நொதியைத் தடுக்கும் என்பது ஆய்வில் தெரிந்தது. அதே அமிலம் சிறுநீரகத்தை அழிக்கும், புற்றுநோய் உண்டாக்கும் என்பதும் உறுதியானது. கண்ணாடி விரியன் கடித்துச் சிறுநீரகம் தள்ளாடுகிறவருக்கு அந்த இலையை அரைத்து ஊற்றினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

“அய்யா கொடுத்து எத்தனை பேர் பிழைச்சாங்க தெரியுமா?” என்று ஊரில் கேட்பார்கள். உண்மைதான், நிறையப் பேர் பிழைத்தார்கள். சாரையும் தண்ணீர்ப்பாம்பும் கடித்து வந்தவர்கள் அதில் உண்டு. விஷப்பாம்பே கடித்தாலும் சில சமயம் விஷத்தை இறக்காமல் பல்லை மட்டும் பதித்துவிட்டுப் போகும். அவர்கள் இலை தின்னாவிட்டாலும் பிழைத்திருப்பார்கள். யாருக்கு விஷம் ஏறியது என்று பிரித்துச் சொல்லாமல் ‘நூற்றுக்கு நூறு குணம்’ என்று எண்ணிக்கை காட்டும் செய்தியை நம்பாதீர்கள்.

என் சித்தப்பாவுக்கு விஷம் ஏறியிருந்தது. 1987-இல், மார்கழி மாதம், கருவேல முள் வெட்டும்போது சுருட்டை கடித்தது. எங்கள் வழக்கப்படி சிறியாநங்கை இலையை மெல்லச் சொன்னார்கள். இலை கசக்கவில்லை என்றால் விஷம் ஏறிவிட்டதாக அர்த்தம். “கசக்குதுண்ணே, வேம்பா கசக்குது” என்று சித்தப்பா என் அப்பாவிடம் சொன்னார். எல்லோரும் நிம்மதியாகத் தூங்கப் போனார்கள். காலையில் பல் விளக்கும்போது ஈறிலிருந்து வந்த ரத்தம் நிற்கவே இல்லை. நாலாம் நாள் போய்விட்டார். விரியன் விஷம் நாக்கின் ருசியைத் தொடுவதில்லை, அது ரத்தத்தைத்தான் தொடுகிறது. மருத்துவமனையில் அதற்குச் செய்யும் சோதனை எளிது: காய்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விஷமுறிவு ஊசி போடுவார்கள்.

அதன்பிறகும் அய்யா இலை அரைத்தார். ஆனால் வந்தவரை முதலில் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, உருண்டையை ஜன்னல் வழியாக நீட்டினார். அப்பத்தா அதற்காக அவரைத் திட்டியது எனக்கு நினைவிருக்கிறது.

செடிகளை நான் தள்ளிவிடவில்லை. ஊசி மருந்து கடிவாயைச் சுற்றிச் சதை அழுகுவதைச் சரியாகத் தடுப்பதில்லை, சிலருக்கு ஒவ்வாமையும் கொடுக்கும், மருத்துவமனை போய்ச் சேர்ந்தால்தான் கிடைக்கும். அந்த இடைவெளியில் உதவும் ஒரு பொருள் செடியிலிருந்து வரலாம். அதற்கு உங்கள் வீட்டுப் பெரியவர்களின் இலை சரியான பெயரோடு ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டும். சிறியாநங்கை என்று ஊருக்கு ஊர் வேறு செடியைக் காட்டுகிறார்கள். ஆகவே பூவும் காயும் இருக்கிற ஒரு கிளையை ஒடித்து, செய்தித்தாள் மடிப்பில் பரப்பி, மேலே அம்மிக்கல்லை ஏற்றுங்கள். ஈரம் போகும்வரை தினமும் தாளை மாற்றுங்கள். ஓரத்தில் ஊர்ப்பெயர், தேதி, மண் வகை, எந்தப் பாகத்தை எதில் அரைத்தார்கள், எந்தப் பூச்சிக்குக் கொடுத்தார்கள் என்று பென்சிலால் எழுதி, பக்கத்துக் கல்லூரியின் தாவரவியல் துறையில் கொடுங்கள். பேனா மை கடல் காற்றில் கசிந்துவிடுகிறது.