தார் ஓரத்திலிருந்து இரண்டு முழம்

போன ஐப்பசியில் ஒரு அம்மா, மகளையும் அவள் சைக்கிளையும் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தார். பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுக்கிற சைக்கிள், பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. வலது பெடல் தேய்ந்து இரும்பு தெரிந்தது, வலது கைப்பிடி ரப்பர் கிழிந்திருந்தது. முன் வீலைச் சுற்றிப் பார்த்தேன், கோணல் இல்லை. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற போர்க்கும் நேராக இருந்தது. ஆனால் முன் டயரின் வலது பக்கவாட்டில் மட்டும் ஒரு முழ நீளத்துக்கு ரப்பர் உரசி வெளுத்திருந்தது.

"ஓரமாத்தான் போனேன் மாமா. பஸ் ஹாரன் அடிச்சான், இன்னும் ஓரம் போனேன்" என்றாள். முழங்கை முழுக்கக் கட்டு. பஸ்ஸின் பின் சக்கரம் அவள் தலையிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போயிருக்கிறது.

பாபநாசம் பக்கத்தில் 31 வருஷமாக சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். உடைந்து வருகிற சைக்கிளைப் பார்த்தால் எப்படி விழுந்தது என்று ஓரளவு சொல்லிவிடுவேன். போர்க் பின்னால் மடங்கியிருந்தால் எதிலோ நேராக மோதியது. பின் ரிம் முறுக்கிக்கொண்டு மட்கார்டு நசுங்கியிருந்தால் பின்னால் வந்த வண்டி தட்டியது. இந்தப் பெண்ணுடையது மாதிரி இருந்தால் தார் ஓரத்தில் இறங்கி ஏறப் பார்த்தது. என் கடைக்கு அதிகம் வருவது இந்த மூன்றாவதுதான்.

இடது ஓரம் போனவள் வலது பக்கம் ஏன் விழுந்தாள்? மழைக்காலத்தில் சாலையோர மண் கரைந்து, தார் மூன்று நான்கு விரல்கட்டை உயரத்தில் படி மாதிரி நிற்கும். முன் சக்கரம் அதில் இறங்கியதும் பயத்தில் ஹேண்டிலை வலது பக்கம் ஒடிக்கிறோம். டயர் அந்தப் படியில் ஏறாமல் பக்கவாட்டில் உரசிக்கொண்டே போகும். உடம்பு மட்டும் வலது பக்கம் சாயும். சக்கரம் மண்ணில், ஆள் சாலை நடுவில், பின்னால் பஸ்.

அதனால்தான் எல்லாரிடமும் சொல்கிறேன்: தார் விளிம்பிலிருந்து இரண்டு முழம் உள்ளே ஓட்டுங்கள். "ஓரமா போ" என்று சொல்லித்தான் எல்லா வீட்டிலும் பிள்ளையை அனுப்புகிறோம், நானும் அப்படித்தான் அனுப்பினேன். ஒட்டின ஓரத்தில் போனால் தடுமாற இடமில்லை. பின்னால் வருகிறவனுக்கும் விலகாமலே போய்விடலாம் என்று தோன்றும். இரண்டு முழம் உள்ளே இருந்தால் அவன் வேகத்தைக் குறைப்பான், நமக்கும் இடது பக்கம் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கும். அப்படியும் சக்கரம் இறங்கிவிட்டால் ஏறப் பார்க்காதீர்கள். மண்ணிலேயே நேராக விட்டு, மெல்ல நிறுத்தி, காலை ஊன்றி, சைக்கிளைத் தூக்கி மேலே வையுங்கள்.

சின்ன ரோட்டில் என்ன செய்வது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நம் கிராமச் சாலைகள் பலவற்றில் தாரின் அகலம் 3.75 மீட்டர்தான். பஸ் சுமார் 2.5 மீட்டர். மிச்சம் 1.25 மீட்டர், அதில் டிரைவர் தன் பக்கமும் கொஞ்சம் விட வேண்டும். நமக்கு ஹேண்டில்பாரே அரை மீட்டருக்கு மேல். ஆக, அந்தச் சாலையில் பஸ்ஸும் சைக்கிளும் சேர்ந்து போக முடியாது. ஹாரன் கேட்டதும் ஓரத்துக்கு ஒடிக்காமல் முதலில் வேகத்தைக் குறையுங்கள். மண் சமமாக இருக்கிற இடம் பார்த்து இறங்கி நின்றுவிடுங்கள். மதகு வருகிற இடமென்றால் மதகுக்கு முன்னாலேயே நில்லுங்கள், மேலே ஏறிவிட்டால் ஒதுங்க இடம் கிடையாது.

எதிரே வருகிற வண்டி கண்ணுக்குத் தெரியட்டும் என்று சிலர் வலது பக்கம் ஓட்டுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டி 60 கிலோமீட்டர் வேகம், நீங்கள் 15. ஒரே திசையில் போனால் அது உங்களை நெருங்குகிற வேகம் 45, எதிரெதிரே என்றால் 75. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால் அது கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிடும்.

அப்புறம் நெல். தை, மாசியில் சம்பா அறுத்ததும் பாதி ரோடு களமாகிவிடும். பங்குனி, சித்திரையில் உளுந்துச் செடியைப் பரப்பி வைப்பார்கள். காய்ந்த நெல்மேல் டயர் உருளாது, வழுக்கும். அதன்மேல் முன் பிரேக் பிடித்தால் சக்கரம் அப்படியே பக்கவாட்டில் போய்விடும். பிரேக்கைத் தாரிலேயே பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, ஹேண்டிலை நேராக வைத்துப் போங்கள், இல்லாவிட்டால் இறங்கித் தள்ளுங்கள். நெல்லை அள்ளின பிறகு, சுற்றி வைத்த அணைகல்லை அப்படியே விட்டுப் போகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், கல்லை எடுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். இருட்டில் அதில் ஏறி விழுந்த பால்காரர் ஒருவருக்கு நானே போர்க் மாற்றியிருக்கிறேன்.

பிரேக் விஷயத்தில் ஒரு பயத்தை விட வேண்டும். முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவோம் என்று பின் பிரேக்கை மட்டும் பிடிக்கிறார்கள். சைக்கிளை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் சக்கரத்துக்குத்தான், பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் போகிறது. காய்ந்த தாரில் இரண்டையும் சேர்த்து, முன்னதைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திப் பழகுங்கள். பழைய கம்பி பிரேக் சைக்கிளில் மழை நாளில் ரிம் நனைந்து பிடிக்கவே பிடிக்காது. வளைவுக்கு வெகு முன்னாலேயே லேசாக அழுத்தித் தண்ணீரைத் துடைத்துவிடுங்கள்.

திரும்பிப் பார்ப்பதற்கும் பழக்கம் வேண்டும். தலை வலது பக்கம் திரும்பினால் கையும் கூடவே திரும்பி, சைக்கிள் நடு ரோட்டுக்குப் போய்விடும். பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு கோடு போட்டு, கோட்டைவிட்டு விலகாமல் திரும்பிப் பார்த்துப் பழகச் சொல்லுங்கள். ரயில்வே கேட்டில் சாலை தண்டவாளத்தைச் சாய்வாகக் கடந்தால், சக்கரம் இடுக்கில் மாட்டும். ஹேண்டிலைத் திருப்பி, தண்டவாளத்துக்குக் குறுக்காக நேராகக் கடந்துவிடுங்கள். துப்பட்டாவை முன்னால் முடிச்சுப் போடாமல் பெண் பிள்ளைகள் ஏற வேண்டாம். பின் மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டர் இருக்கட்டும், பெடல்களிலும் இருந்தால் இன்னும் நல்லது. மேலும் கீழும் போகிற வெளிச்சத்தைப் பார்த்ததும் சைக்கிள் என்று டிரைவருக்கு உடனே புரியும்.

யாராவது விழுந்து கிடந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமோ என்று தயங்காதீர்கள். உதவி செய்தவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். 2021-இல் வந்த தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். சைக்கிளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் கடையில் காட்டாமல் மறுநாளே ஏறிவிடாதீர்கள். அந்தப் பெண்ணின் சைக்கிளில் ஹேண்டில் தண்டு அடிப்பாகத்தில் மயிரிழை விரிசல் இருந்தது, கழற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.