வாள் மட்டுமே இருந்த குழுவில் வில்லையும் எறிகோடரியையும் கொண்டுவருவது எப்படி?

ஒஹையோவில் நான் இருக்கும் எஸ்.சி.ஏ. குழுவில் மூன்று வருடம் முன்பு வரை ஞாயிற்றுக்கிழமை பயிற்சி என்றால் வாளும் கேடயமும்தான். கவசம் போட்ட பத்துப் பன்னிரண்டு பேர் பிரம்பு வாளால் மோதுவார்கள். அவர்கள் வீட்டார் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார்கள். வில் எய்ய ஆசைப்பட்டது நானும் இன்னொருவரும் மட்டும். இப்போது அதே மைதானத்தில் வில்லுக்கும் கோடரிக்கும் வரிசை நிற்கிறது. வேடிக்கை பார்த்தவர்களில் பாதிப் பேர் அந்த வரிசையில் இருக்கிறார்கள். இது எப்படி நடந்தது என்று பலர் கேட்டதால், நாங்கள் செய்ததை வரிசையாக எழுதுகிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: எஸ்.சி.ஏ. (சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனக்ரோனிசம்) என்பது 1966-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் தொடங்கிய அமைப்பு. 17-ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய போர்க்கலை, கைவினை, சமையல், உடை எல்லாவற்றையும் செய்து பார்த்துக் கற்பவர்கள் நாங்கள். இதில் வில், எறி ஆயுதம் இரண்டுக்கும் இரண்டு வடிவம் உண்டு. உண்மையான அம்பையும் கோடரியையும் இலக்கில் எறிவது ஒன்று. மொட்டை முனை அம்போடு கவசம் போட்டுப் போர்க்களத்துக்குள் போவது இன்னொன்று. முதலாவதில் ஆள் சேர்த்துவிட்டுத்தான் இரண்டாவதுக்குப் போக வேண்டும்.

1. இடம்: நாங்கள் முதலில் கோட்டைவிட்டது இங்கேதான்

முதல் வருடம், பாதுகாப்பு முக்கியம் என்று நினைத்து, மைதானத்தின் கடைசியில் ஒரு மண்மேட்டுக்குப் பின்னால் இலக்குகளை வைத்தோம். பாதுகாப்பில் குறையே இல்லை. ஆனால் யாரும் வரவில்லை. எட்டு வாரம் நாங்கள் இரண்டு பேர் மட்டும் எய்தோம். அங்கே இப்படி ஒன்று நடக்கிறது என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது.

ஒன்பதாவது வாரம் இடத்தை மாற்றினோம். மண்மேடு அம்புக்குப் பின்தடுப்பாக வரும்படி இலக்குகளை அதன் முன்பக்கம் கொண்டுவந்து, எய்யும் கோட்டை வாள் பயிற்சி நடக்கும் இடத்தின் ஓரத்திலிருந்து பார்த்தால் தெரியும்படி போட்டோம். எய்யும் திசை அவர்களுக்கு முற்றிலும் எதிர்ப்பக்கம். பக்கவாட்டில் கயிறு கட்டி, யாரும் குறுக்கே நடக்க முடியாதபடி செய்தோம். வாள் வீசிக் களைத்தவர்கள் தண்ணீர் குடிக்க வரும் மேசையை எய்யும் கோட்டிலிருந்து இருபது அடி பின்னால் வைத்தோம். அன்றைக்கே நான்கு பேர் வில்லைக் கேட்டு வாங்கினார்கள்.

கண்ணில் படாத கலைக்கு ஆள் சேராது. இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். வாள் பயிற்சி நடக்கும் அதே நாள், அதே நேரம், அதே மைதானம். வில்லுக்குத் தனி நாள் வைத்தால் ஏற்கெனவே வில் பிடித்தவர்கள் மட்டும்தான் வருவார்கள்.

2. மார்ஷல்

உங்கள் குழுவில் வில்லுக்கும் எறி ஆயுதத்துக்கும் அனுமதி பெற்ற மார்ஷல், அதாவது பாதுகாப்பைக் கவனிக்கும் மேற்பார்வையாளர், இல்லையென்றால் நீங்களே ஆகிவிடுங்கள். உங்கள் கிங்டத்தின் (எஸ்.சி.ஏ.வின் வட்டாரப் பிரிவு) விதிகளைப் படித்து, ஏற்கெனவே மார்ஷலாக இருப்பவரோடு சில நிகழ்ச்சிகளில் கூட நின்றால் போதும். "ஹோல்ட்" என்று யார் கத்தினாலும், குழந்தை கத்தினாலும், எல்லாரும் அந்த நொடியே நிற்க வேண்டும். இதை முதல் நாளே சும்மா கத்திப் பழக்கிவிடுங்கள்.

3. பொது வில்கள்

சொந்த வில் வாங்கிவிட்டு வா என்றால் யாரும் வர மாட்டார்கள். குழுவின் பணத்தில் நான்கு வில்லாவது இருக்க வேண்டும். என் தேர்வு, கழற்றி மாட்டும் மர ரிகர்வ், அதாவது நுனிகள் முன்பக்கம் வளைந்த வில். இழுக்கும் விசை 20 பவுண்டில் இரண்டு, 25 பவுண்டில் இரண்டு. அதற்கு மேல் வேண்டவே வேண்டாம். ஆறடி ஆள் வந்து "எனக்கு 45 கொடு" என்பார். கொடுக்காதீர்கள். பத்தாவது அம்பில் தோள் நடுங்கும், இருபதாவதில் வில்லைக் கீழே வைத்துவிடுவார், அப்புறம் திரும்பி வர மாட்டார். நான்கில் ஒன்று இடது கை வில்லாக இருக்கட்டும். ஏன் என்பதை அடுத்த படியில் சொல்கிறேன்.

அம்பு மரத் தண்டு, பறவை இறகு. எங்கள் இலக்குப் போட்டிகளில் கார்பன் அம்புக்கும் கப்பி வைத்த காம்பவுண்டு வில்லுக்கும் இடமில்லை. இறகு வெறும் அழகுக்காக அல்ல. வில்லின் பக்கத்தை உரசிக்கொண்டு அம்பு போகும்போது இறகு மடங்கி வழி விடும், பிளாஸ்டிக் சிறகு மடங்காமல் இடித்து அம்பைத் திருப்பிவிடும்.

நாண் ஏற்ற அதற்கான கயிற்றைப் பயன்படுத்துங்கள். காலுக்கு இடையில் வில்லை வைத்து வளைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வில்லின் லிம்ப் (கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதி) கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கிக்கொள்ளும், ஒரு நாள் நாண் நழுவி முகத்தில் அடிக்கும். அம்பு மாட்டாமல் நாணை இழுத்து விடுவதும் கூடாது. அம்புக்குப் போக வேண்டிய விசை முழுவதும் வில்லுக்குள்ளேயே திரும்பும், மரம் வெடிக்கும்.

4. எந்தக் கண்?

அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது ஒரு ஞாயிறு மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, 20 பவுண்டு வில்லை அழகாக இழுத்தார். ஆறு அம்பும் இலக்குக்கு இடதுபுறம், ஒரே இடத்தில், கைப்பிடி அளவுக்குள் குத்தி நின்றன. "என்னப்பா, எல்லாம் அந்தப் பக்கமே போகுது?" என்றார். நான் நிற்கும் விதத்தைத் திருத்தினேன், முழங்கையைத் திருத்தினேன். அடுத்த ஆறும் அதே இடம்.

காரணம் கண். இரண்டு கையையும் நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்து நடுவில் ஒரு சிறு முக்கோண ஓட்டை விடச் சொல்லுங்கள். இரண்டு கண்ணும் திறந்தபடி அதன் வழியாக உங்கள் மூக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டையில் அவருடைய எந்தக் கண் உங்களுக்குத் தெரிகிறதோ அதுதான் அவருடைய முதன்மைக் கண். அம்மாவுக்கு வலது கைப் பழக்கம், ஆனால் முதன்மைக் கண் இடது. அப்படிப்பட்டவர் இரண்டு கண்ணையும் திறந்து வலது கையால் எய்தால் அம்பு இடதுபுறம்தான் போகும். இடது கை வில்லைக் கொடுத்தேன். மூன்றாவது அம்பு மஞ்சள் வட்டத்தில் ஏறியது.

இந்தச் சோதனைக்குப் பத்து விநாடி ஆகும். வில்லைக் கையில் கொடுப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

5. கோடரி

என் அனுபவத்தில் புது ஆளை வேகமாக இழுப்பது கோடரிதான். வில்லில் நல்ல அம்பு விழ ஒரு மாதம் ஆகலாம், கோடரி அரை மணி நேரத்தில் குத்தி நின்றுவிடும்.

முதலில் இலக்கு. பலகையை வைக்காதீர்கள். அடிமரத்தைக் குறுக்கே அறுத்த வட்டம் வேண்டும். ஐந்தாறு அங்குலக் கனம், இரண்டடி அகலம் இருந்தால் நல்லது. வளையங்கள் தெரியும் முகம் எறிபவரைப் பார்க்க வேண்டும். இழைகளின் நுனிக்கு நடுவே கூர்முனை நுழையும், உருவியதும் இழைகள் ஓரளவு மூடிக்கொள்ளும். காட்டன்வுட், பாப்லர் போன்ற மென்மையான மரம் நல்லது. ஓக் வைத்துப் பார்த்தோம், எறிகத்திகள் எல்லாம் தெறித்துக் காலடிக்கே வந்தன. மரம் வெட்டுபவர்களிடம் கேட்டால் இனாமாகவே தருவார்கள்.

இப்போது எறிவது. பதினாறு முதல் பத்தொன்பது அங்குலக் கைப்பிடி உள்ள கோடரி பத்துப் பன்னிரண்டு அடியில் ஒரு முழுச் சுற்று சுற்றும். சுத்தியலைப் பிடிப்பது போலப் பிடித்து, மணிக்கட்டை மடக்காமல், கை நேராக முன்னால் வரும்போது விட வேண்டும். அவ்வளவுதான்.

நான் மாட்டிக்கொண்டது இதற்குப் பிறகு. கோடரி குத்தவில்லை என்றால் மணிக்கட்டைக் கொஞ்சம் சுண்டுவேன், அடுத்த முறை இன்னும் வேகமாக எறிவேன், அதற்கடுத்த முறை முன்னதாகவே விடுவேன். ஒவ்வொரு வீச்சும் வேறு வேறாக இருந்ததால் எதைத் திருத்துவது என்றே தெரியவில்லை. ஆறு வாரம் இப்படியே ஓடியது. எஸ்.சி.ஏ. ஆண்டுதோறும் நடத்தும் பென்சிக் போர் என்ற பெரிய கூடலில் ஒரு வயதான எறிவீரர் என்னைப் பார்த்துவிட்டு, கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என் குதிகாலுக்குப் பின்னால் தரையில் ஒரு கோடு கீறி, அரை அடி பின்னால் நில் என்றார். அடுத்த வீச்சு குத்தியது.

கையைத் தொடாதீர்கள், காலை நகர்த்துங்கள். கைப்பிடியின் அடிமுனை முதலில் மரத்தில் இடித்தால் சுற்று முடியவில்லை என்று அர்த்தம், அரை அடி பின்னால் போங்கள். கோடரித் தலையின் உச்சி முதலில் இடித்தால் சுற்று தாண்டிவிட்டது, அரை அடி முன்னால் வாருங்கள். கை ஒரே மாதிரி வீசிக்கொண்டே இருக்கட்டும். நான் இப்போது புதியவர் பக்கத்தில் சுண்ணாம்புக் கட்டியோடு நின்று, குத்திய இடத்தில் அவர் முன்காலுக்குக் கோடு போட்டு, பெயரின் முதல் எழுத்தை எழுதிவிடுவேன். அடுத்த வாரம் வந்து அந்த எழுத்தைத் தேடுவார்கள்.

எறிகோடரியைத் தேவையற்ற விளையாட்டாக நினைப்பவர்கள் உங்கள் குழுவிலும் இருப்பார்கள். பிராங்க் வீரர்கள் பிரான்சிஸ்கா என்ற கோடரியை மோதலுக்கு முன் எதிரிக் கேடயங்கள் மீது எறிந்ததை 6-ஆம் நூற்றாண்டிலேயே பைசாந்திய வரலாற்றாசிரியர் பிரோகோபியஸ் எழுதிவைத்திருக்கிறார் என்று சொல்லுங்கள்.

6. போர்க்களத்துக்குள்

வாள் வீரர்களின் மனக்குறைகள் இரண்டு. "என்னால் திருப்பி அடிக்க முடியாத தூரத்திலிருந்து அடிக்கிறார்கள்", "அம்பு பட்டதே தெரியவில்லை". இரண்டும் நியாயமானவை. சும்மா வாதாடாதீர்கள்.

முதலாவதுக்கு என் பதில் வரலாறு. 1346-ல் கிரெஸிப் போரிலும் 1415-ல் அஜின்கோர்ட் போரிலும் பிரெஞ்சுக் கவசப் படையைத் தடுமாற வைத்தவர்கள் இங்கிலாந்தின் நீள்வில்லாளிகள். 1363-ல் இங்கிலாந்து அரசர் மூன்றாம் எட்வர்ட் விடுமுறை நாள்களில் வில் பழக வேண்டும் என்றே ஆணையிட்டார். 1545-ல் மூழ்கி 1982-ல் மேலே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலப் போர்க்கப்பலில் 137 முழு வில்கள் கிடைத்தன. வில்லாளி இல்லாத களத்தில் கேடயத்தை எங்கே பிடிப்பது என்ற கேள்வியே வருவதில்லை. அம்பு வரும் என்று தெரிந்தால்தான் கேடயச் சுவர் நெருங்கி நிற்கும். எங்கள் வாள் வீரர்களே ஒரு மாதத்தில் இதைக் கண்டுகொண்டார்கள்.

இரண்டாவதுக்குப் பயிற்சிதான் பதில். விருப்பமுள்ள வீரரை முழுக் கவசத்தோடு பதினைந்து கஜத்தில் நிற்கவைத்து, சொல்லிவிட்டு ஒவ்வொரு அம்பாக எய்யுங்கள். தலைக்கவசத்தில் நேராகப் பட்டால் 'டொக்' என்று அடங்கிய சத்தம், உரசிப் போனால் 'சர்ர்' என்று இழுக்கும். பத்து அம்பில் காது பழகிவிடும். வாளடிக்குப் போல வலு பார்க்க வேண்டியதில்லை, நேராகப் பட்டால் கணக்கு என்பதை அவர் வாயாலேயே சொல்லவையுங்கள். அப்புறம் வில்லை அவர் கையில் கொடுத்து உங்கள் மேல் எய்யச் சொல்லுங்கள். எங்கள் குழுவில் அதிகம் எதிர்த்தவர்தான் இப்போது மொட்டை அம்பு ஒட்டித் தருகிறார்.

களத்துக்கான வில் 28 அங்குல இழுப்பில் 30 பவுண்டைத் தாண்டக் கூடாது. வில்லாளியும் கவசம் போட வேண்டும். எய்த ஒவ்வொரு அம்பையும் மறுபடி நாணில் வைக்கும் முன் சோதியுங்கள். முனை ஆடுகிறதா, தண்டில் விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மிதிபட்ட அம்பு வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே நொறுங்கியிருக்கும். சந்தேகம் வந்தால் ஒதுக்கிவையுங்கள். தொடக்கத்தில் இரு பக்கமும் சமமாக இரண்டிரண்டு வில்லாளிகள் போதும். எல்லா வில்லும் ஒரே பக்கம் சேர்ந்தால் மறுபக்கம் அன்றே கசந்துபோகும்.

7. மதிப்பெண்

ராயல் ரவுண்டு என்ற எஸ்.சி.ஏ. மதிப்பெண் சுற்றைத் தொடங்குங்கள். 60 செ.மீ. இலக்கு, 40, 30, 20 கஜத்தில் தலா ஆறு அம்பு, கடைசியாக 20 கஜத்தில் 30 விநாடிக்குள் எத்தனை முடியுமோ அத்தனை. நடுவிலிருந்து 5, 4, 3, 2, 1. ஒவ்வொருவர் மதிப்பெண்ணையும் எழுதி, தண்ணீர் மேசையில் எல்லாரும் பார்க்க வையுங்கள். நான்கு பேர் உள்ள குழுவும் கிங்டங்களுக்கு இடையிலான ஐகேஏசி போட்டிக்குத் தன் மைதானத்திலேயே எய்து மதிப்பெண் அனுப்பலாம். இது சிறு குழுக்களுக்குப் பெரிய தெம்பு.

பின்சேர்க்கை

இதைப் படித்துச் செய்துபார்த்த ஒருவர், கோடை வெயிலில் மரவட்டம் இரண்டாகப் பிளந்துவிட்டது என்று எழுதியிருந்தார். நான் சொல்ல மறந்தது. முதல் நாளே சுற்றளவில் ராச்செட் பட்டையைப் போட்டு இறுக்குங்கள். முந்தைய இரவு முகத்தில் தண்ணீர் ஊற்றி ஈரச் சாக்கு போர்த்துங்கள். ஈர மரத்தில் கத்தியும் நன்றாகக் குத்தும்.

இன்னொருவரை நகரப் பூங்காவில் பாதிப் பயிற்சியில் நிறுத்திவிட்டார்கள். பல ஊர்ப் பூங்காக்களில் அம்புக்கும் கத்திக்கும் தடை உண்டு. வாள் பயிற்சிக்கு வாங்கிய அனுமதி இதற்குச் செல்லாது. வில், கோடரி, கத்தி, ஈட்டி என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுத்தில் வாங்கி, அந்தத் தாளை முதலுதவிப் பெட்டிக்குள் வைத்திருங்கள். எங்களுடையது அங்கேதான் இருக்கிறது.