70,000 ரூபாய்க்குள் கேமிங் லேப்டாப்: எதில் காசைப் போடலாம், எதில் மிச்சம் பிடிக்கலாம்

எந்த லேப்டாப் வாங்கலாம் என்று கேட்பவர்கள் பட்ஜெட்டைச் சொல்வார்கள், பிடித்த பிராண்டைச் சொல்வார்கள், என்ன கேம் ஆடப்போகிறார்கள் என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள். முதலில் அதை முடிவு பண்ணுங்கள். வாலரன்ட், வாரக்கடைசியில் கொஞ்சம் கவுன்டர்-ஸ்ட்ரைக், நண்பர்களோடு ஜிடிஏ 5, அவ்வளவுதான் என்றால் 4 ஜிபி மெமரி உள்ள சின்ன கிராஃபிக்ஸ் கார்டே தாராளம். வாலரன்ட் தனி கார்டு இல்லாத லேப்டாப்பிலேயே ஓடும். சைபர்பங்க் 2077 மாதிரி கனமான கேம்கள்தான் இலக்கு என்றால் கணக்கு வேறு. ஜிடிஏ 6 வருகிறதே, அதற்காகத்தான் வாங்குகிறேன் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ராக்ஸ்டார் அறிவித்தது பிளேஸ்டேஷன் 5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கும்தான். அதை நம்பி இப்போதே இஎம்ஐ போட்டுக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது, லேப்டாப்தான் வேண்டுமா? வீட்டை விட்டு நகராத மெஷின் என்றால் அதே காசுக்கு டெஸ்க்டாப் அசெம்பிள் பண்ணினால் வேகமும் கூடும், பிற்பாடு கார்டை மட்டும் மாற்றவும் முடியும். ஹாஸ்டல், காலேஜ் புராஜெக்ட், ஊருக்கும் சென்னைக்கும் பஸ்ஸில் அலைச்சல் என்று இருப்பவர்கள் மட்டும் மேலே படியுங்கள்.

லேப்டாப்பில் கிராஃபிக்ஸ் கார்டையும் பிராசசரையும் நடைமுறையில் மாற்ற முடியாது, போர்டோடு ஒட்டியே வரும். ஸ்க்ரீனையும் ஃபேன் அமைப்பையும் மாற்றுவது காசுக்குக் கேடு. ராம், எஸ்எஸ்டி இரண்டும் ஸ்க்ரூவைக் கழற்றி நாமே மாற்றக்கூடியவை. ஆகவே கையில் குறைவாக இருக்கும்போது மாற்ற முடியாததில்தான் முதலில் காசு போக வேண்டும். கடையில் காட்டுவது இதற்கு நேர் எதிர். ஒரு டிபி எஸ்எஸ்டி, கலர் கலராக எரியும் கீபோர்டு என்று முன்னால் நிறுத்துவார்கள், கார்டு எது என்று பார்த்தால் என்விடியா வரிசையில் கீழ்ப்படியில் இருக்கும் ஆர்டிஎக்ஸ் 2050.

அந்த 2050-ஐப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பட்ஜெட் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்வது அங்கேதான். அதற்கு மேற்படியான 3050-ன் 4 ஜிபி மாடலில் இருக்கும் அதே 2048 கோர்கள், அதாவது கணக்குப் போடும் அலகுகள், இதிலும் உண்டு, மெமரியும் அதே 4 ஜிபி. ஆனால் மெமரிக்குப் போகிற பாதை 3050-ல் 128 பிட், இதில் 64 பிட்தான், கொடுக்கும் மின்சாரமும் குறைவு. பெட்டியைப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. அசூஸ் டஃப் ஏ15-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: மாடல் எண் எஃப்ஏ506என்எஃப் என்றால் உள்ளே 2050, எஃப்ஏ506என்சி என்றால் 3050. அதே பெயர், அதே உடம்பு, கடைசி எழுத்து ஒன்றுதான் வேறு. அதனால் அசூஸ் டஃப் நல்லதா, ஹெச்பி விக்டஸ் நல்லதா, லெனோவோ லோக் நல்லதா, ஏசர் நைட்ரோ நல்லதா என்ற சண்டையில் இறங்காதீர்கள். ஒவ்வொரு பெயரிலும் நல்லதும் இருக்கிறது, தேறாததும் இருக்கிறது. முழு மாடல் எண்ணை எழுதிவைத்துக்கொண்டு அந்த எண்ணுக்கான ரிவ்யூவைத் தேடுங்கள்.

கார்டின் பெயர் சரியாக இருந்தாலும் வேலை முடியவில்லை, எத்தனை வாட் என்று பார்க்க வேண்டும். இதைத்தான் டிஜிபி என்கிறார்கள். ஆர்டிஎக்ஸ் 4050-ஐ 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ள என்விடியா லேப்டாப் கம்பெனிகளுக்கு விட்டிருக்கிறது. எம்எஸ்ஐ சைபோர்க் 15 மாதிரி மெல்லிசான உடம்பில் 45 வாட்டோடு நிறுத்திவிடுகிறார்கள், தடியான லேப்டாப்களில் அதே கார்டுக்கு 90-க்கு மேல் கிடைக்கிறது. கனமான கேம்களில் இந்த இரண்டும் ஒன்றில்லை. 45 வாட் 4050-க்குக் கொடுக்கிற காசை யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். ஆன்லைன் விற்பனைப் பக்கத்தில் பெரும்பாலும் இதைப் போடமாட்டார்கள். கம்பெனியின் சொந்த இணையதளத்தில் அந்த மாடலின் ஸ்பெசிஃபிகேஷன் பக்கத்தில், கிராஃபிக்ஸ் வரிக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும். கடையில் வாட் எவ்வளவு என்று கேட்டால் ராமைப் பற்றி 'எட்டு ஜிபி சார், அப்புறம் அப்கிரேடும் பண்ணிக்கலாம்' என்று பதில் வரவும் வாய்ப்புண்டு. டெமோ பீஸ் ஓடிக்கொண்டிருந்தால் நீங்களே பார்த்துவிடலாம்: என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து சிஸ்டம் இன்ஃபர்மேஷனை அழுத்தினால் மேக்சிமம் கிராஃபிக்ஸ் பவர் என்று ஒரு வரி, எதிரே வாட் கணக்கு.

அப்புறம் கார்டின் மெமரி. 4 ஜிபி என்பது பழைய கேம்களுக்கும் வாலரன்ட் மாதிரி ஈஸ்போர்ட்ஸ் (போட்டி) கேம்களுக்கும்தான். 2024-ல் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமும் 2025-ல் வந்த டூம்: த டார்க் ஏஜஸும் குறைந்தபட்சமே 8 ஜிபி கார்டு கேட்கின்றன, ரே ட்ரேசிங், அதாவது வெளிச்சத்தை நிஜம் மாதிரி கணக்கிட்டு வரையும் ஹார்டுவேரும் கட்டாயம். எல்லாக் கேமும் இப்படியில்லைதான், போகிற திசை அது. 6 ஜிபி உள்ள 4050-ல் டெக்ஸ்சரைக் குறைத்துவைத்து, டிஎல்எஸ்எஸ் (சின்னதாக வரைந்த படத்தை ஏஐ வைத்துப் பெரிதாக்கும் என்விடியா வசதி) போட்டு, ஃபுல் ஹெச்டியில் பெரும்பாலானவற்றை ஆடலாம். 2025 வரை விழாக்கால விற்பனையில் 4050 மாடல்கள் 70,000-ஐ ஒட்டி வந்துகொண்டிருந்தன, என் கண்ணில் இந்த பட்ஜெட்டுக்குச் சரியான கார்டு அதுதான். 5050-ல் 8 ஜிபி இருக்கிறது. ஆஃபரில் விலை கிட்டத்தில் வந்தால் யோசிக்காமல் எடுங்கள். கையில் 50,000-தான் இருக்கிறது என்றால் புது 2050-க்குப் போவதைவிட நாலைந்து மாதம் சேர்த்துவைப்பது மேல். காத்திருக்க முடியாது என்றால் 3050-ல் 6 ஜிபி மெமரியோடு வரும் மாடல் கிடைக்கிறதா பாருங்கள், கனமான கேம் ஆசை இருந்தால் அதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

பிராசசருக்கு இவ்வளவு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை, இந்த விலையில் வரும், பெயரின் கடைசியில் ஹெச் அல்லது ஹெச்எஸ் இருக்கும் எந்த ஹெச் வகை பிராசசரும் 4050-க்கு ஈடுகொடுக்கும். கவனிக்க வேண்டியது பெயர் ஏமாற்று. இன்டெல்லின் ஐ5-12450ஹெச், ஐ5-13420ஹெச், கோர் 5 210ஹெச் மூன்றும் எண்ணில் ஏறிக்கொண்டே போகும், மூன்றிலும் இருப்பது 4 பெரிய கோர், 4 சின்ன கோர்தான். புதுசு என்று சொல்லி மூவாயிரம் நாலாயிரம் கூடக் கேட்டால் கொடுக்காதீர்கள். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள்: 7535ஹெச்எஸ் என்றால் மூன்றாவது 3, பழைய தலைமுறையான ஜென் 3 குடும்பம், 7640ஹெச்எஸ் என்றால் 4, அடுத்த தலைமுறையான ஜென் 4. ரைசன் 7 7435ஹெச்எஸ் எட்டு கோரோடு மலிவாக வருவது, கேமுக்கு நன்றாகவே இருக்கும், ஆனால் அதற்குள் உள்ளிணைந்த கிராஃபிக்ஸ் கிடையாது. வேர்டில் அசைன்மென்ட் டைப் அடிக்கும்போதுகூட என்விடியா கார்டுதான் ஸ்க்ரீனை ஓட்டிக்கொண்டிருக்கும், பேட்டரி மளமளவென்று இறங்கும். கிளாசில் ப்ளக் பாயின்ட் இல்லாதவர்கள் அதைத் தவிர்த்துவிடலாம்.

ராம் விஷயத்தில் பழைய அறிவுரை ஒன்று உண்டு, 8 ஜிபியோடு வாங்கிவிட்டு அப்புறம் சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் இன்னொரு 8 போட்டுக்கொள்ளலாம் என்று. நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். 2025 கடைசியிலிருந்து அது எடுபடுவதில்லை. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதில் ராம் விலை எக்கச்சக்கமாக ஏறிவிட்டது, அதனால் 16 ஜிபியோடே வருகிற மாடலுக்கும் 8 ஜிபி மாடலுக்கும் உள்ள வித்தியாசத்தையும், தனியாக ஒரு 8 ஜிபி ஸ்டிக் அன்றைக்கு என்ன விலை என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 16 ஜிபி ஒரே ஸ்டிக்கா, இரண்டு 8-ஆ என்பதையும் கேளுங்கள். இரண்டு என்றால் டூயல் சேனலில், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு பாதையில், ஓடும், கேமில் திடீர் திடீரென்று ஃப்ரேம் விழுவது குறையும். ராமை போர்டிலேயே சால்டர் பண்ணிவிட்ட மெல்லிய மாடல்கள் இருக்கின்றன, அவை நமக்கு வேண்டாம். எஸ்எஸ்டி 512 ஜிபி போதும், இன்னொரு எஸ்எஸ்டி செருக இரண்டாவது எம்.2 ஸ்லாட் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் போக மிச்சத்தில் பெரிய கேம் மூன்றோ நாலோ நிற்கும், ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 ஒன்றே 150 ஜிபி கேட்கும் ஆசாமி.

ஸ்க்ரீனில் 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் மாறும்) என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள், அது எல்லாவற்றிலும் வந்துவிட்டது. பார்க்க வேண்டியது நிறம். எவ்வளவு நிறம் காட்டும் என்பதை என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி என்ற இரண்டு அளவுகளில் சொல்வார்கள். 45% என்டிஎஸ்சி என்று எழுதியிருந்தால் அது எஸ்ஆர்ஜிபி அளவில் 60 சதவீதத்தைச் சுற்றித்தான் வரும், சிவப்பு செங்கல் கலரிலும் பச்சை காய்ந்துபோயும் தெரியும். 100% எஸ்ஆர்ஜிபி, வெளிச்சம் 300 நிட்ஸ் என்று இருந்தால் நல்லது. போட்டோஷாப், வீடியோ எடிட்டிங் என்று பக்கத்தில் ஏதாவது சம்பாதிக்கிற எண்ணம் இருந்தால் இதில் சமரசம் வேண்டாம். ரூமில் மானிட்டர் வாங்கி மாட்டப்போகிறவர்கள் மங்கலான ஸ்க்ரீனைப் பொறுத்துக்கொண்டு அந்தக் காசைக் கார்டில் போடலாம். மக்ஸ் ஸ்விட்ச் இருந்தால் கூடுதல் லாபம், என்விடியா கார்டு நேராக ஸ்க்ரீனோடு பேசும், ஃப்ரேம் கொஞ்சம் கூடும். இல்லையென்றால் அதற்காக ஒரு நல்ல மாடலை ஒதுக்க வேண்டாம்.

சூட்டைப் பற்றி வெளிநாட்டு ரிவ்யூக்களில் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஏசி போட்ட 22 டிகிரி ரூமில் சோதித்திருப்பார்கள், நம் ஹாஸ்டல் ரூமில் மே மாதம் ஃபேன் காற்றே சுடச்சுடத்தான் வரும். ரிவ்யூவில் 85 டிகிரி என்றால் இங்கே 90-ஐத் தாண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பைத் திருப்பி அடியில் காற்று இழுக்கும் துளைகள் எவ்வளவு இடத்தில் இருக்கின்றன, வெளியே தள்ளும் வழி எங்கே என்று பாருங்கள். வலதுபக்கம் வென்ட் இருக்கிற மாடலில் மவுஸ் பிடிக்கிற கை மேலேயே அனல் அடிக்கும், பின்பக்கம் தள்ளுவதுதான் நிம்மதி. கட்டில் மெத்தையில் வைத்து ஆடினால் அடித்துளை மூடிக்கொண்டு எந்த லேப்டாப்பும் திணறும்; பின்பக்கத்தை இரண்டு விரற்கடை தூக்கிவைத்தாலே நாலைந்து டிகிரி இறங்கும், கூலிங் பேட் எல்லாம் அதற்கப்புறம். பேட்டரியில் கேம் ஆடலாம் என்ற எண்ணமே வேண்டாம். சார்ஜரைப் பிடுங்கிய நிமிடம் கார்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அந்தச் செங்கல் சைஸ் அடாப்டரும் எப்போதும் பையில் வரும், தூக்கிப் பார்த்து முடிவு பண்ணுங்கள்.

வாங்குவதற்கு நல்ல நேரம் அமேசானும் ஃபிளிப்கார்ட்டும் தீபாவளிக்கு முன்னால் நடத்தும் பெரிய விற்பனை. போட்டிருக்கும் விலையில் பாதி மாயம் பேங்க் கார்டு தள்ளுபடியில்தான் இருக்கும், உங்களிடம் அந்த கார்டு இல்லையென்றால் அது உங்கள் விலை இல்லை. நோ காஸ்ட் இஎம்ஐயிலும் வட்டி இருக்கத்தான் செய்கிறது. அதைத் தள்ளுபடியாக முன்னாலேயே கழித்துவிட்டு பேங்க் மாதாமாதம் வசூலிக்கும், அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டியும் பிராசசிங் கட்டணமும் உங்கள் தலையில். ஆன்லைன் விலையை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டு ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்குங்கள். அதே விலைக்கு இறங்கிவராவிட்டாலும் பை, மவுஸ் என்று ஏதாவது சேர்த்துத் தருவார்கள், பிரச்சினை வந்தால் போய் நிற்க ஒரு முகமும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலும் ஷட்டர் இறங்கியிருக்கும். வீட்டில் யாராவது ஜிஎஸ்டி எண் வைத்துத் தொழில் செய்து, லேப்டாப்பும் அந்தத் தொழிலுக்குப் பயன்படும் என்றால் பில்லை அந்த எண்ணில் போடச் சொல்லி கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ள முடியுமா என்று ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கூடுதல் வாரன்டி வாங்குவதாக இருந்தால் கம்பெனியுடையதை மட்டும் வாங்குங்கள், சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரிலேயே இருக்கிறதா என்பதையும் முன்னாலேயே பாருங்கள். திண்டுக்கல்லில் இருந்துகொண்டு ஒவ்வொரு முறையும் மதுரைக்கு பஸ் ஏறுவது என்ன பாடு என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆன்லைனில் வந்த பார்சல் என்றால் டேப்பைக் கிழிப்பதிலிருந்து வீடியோ எடுங்கள், சீரியல் எண் தெளிவாகத் தெரியட்டும். அந்த எண்ணைக் கம்பெனி தளத்தில் போட்டால் வாரன்டி எப்போது ஆரம்பித்தது என்று தெரியும். நாலு மாதம் முன்னால் ஆரம்பித்திருந்தால் உடனே பில்லைக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற சாஃப்ட்வேரில் எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள், புதுப் பெட்டியில் நூறு மணி நேரம் காட்டினால் யாரோ திருப்பிக் கொடுத்த பீஸ். வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று ஸ்க்ரீனை நிரப்பி டெட் பிக்சல், அதாவது செத்துப்போன புள்ளி, இருக்கிறதா என்று தேடுங்கள். பிறகு இருப்பதிலேயே கனமான கேமை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற சாஃப்ட்வேரில் கார்டு சொன்ன வாட்டைத் தொடுகிறதா, சூடு ஏற ஏற இறங்கிவிடுகிறதா என்று கவனியுங்கள். இத்தனையையும் முதல் இரண்டு நாளிலேயே முடித்துவிடுங்கள். மாற்றித் தரும் காலம் பல சமயம் 7 நாள்தான், அதற்கப்புறம் சர்வீஸ் சென்டர் வரிசையில்தான் நிற்க வேண்டும்.